தபால் பெட்டிக்கு வணக்கம்

ஓல்பர்க், நெப்ராஸ்கா
செப்டம்பர் 24, புதன்கிழமை

அன்பு மகள் சோன்யாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகம் என்று முதல் வரி எழுதினேன், அதில் பாதி பொய் என்பதால் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன், இது இரண்டாவது தாள். நீயும் ரிக்கும் பிரிட்டாவும் அன்னிக்காவும் அலாஸ்காக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே முதல் பனி விழுந்திருக்கும், சின்னவளுக்குப் போன வருஷத்துக் காலணி பத்தாது, இப்போதே பார்த்து வாங்கு, ரிக்கிடம், இந்த வருஷமாவது முதுகு வலியோடு பனி வாரப் போகாதே என்று நான் சொன்னதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை நீ போனில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குழந்தைகளை மறுபடி உங்களிடம் அனுப்பட்டுமா, ஜூலையில் வந்த மாதிரியே வரட்டும், டெக்சஸ் வெயிலில் பத்து நாள் வண்டியில் சுற்றிவிட்டுத் திரும்பட்டும் என்று கேட்டாய். யோசித்துக் கடிதம் போடுகிறேன் என்றேன். இதுக்கெல்லாமா கடிதம் என்று சிரித்தாய். இதற்குத்தான் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். குழந்தைகளை அனுப்பாதே. ஏன் என்று சொல்லத்தான் மீதித் தாள்கள்.

நாங்கள் இப்போது நிற்பது ஆர்டித் சூக்கப் என்ற அம்மாளின் வீட்டு வளாகத்தில். எண்பத்தொரு வயது, தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுத் தானியக் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து நாங்கள் குடியிருக்கும் வண்டிக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறாள். ஒன்பது நாளாகிறது. மார்ச்சில் கிளம்பியதிலிருந்து நாங்கள் ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை என்பது உனக்குத் தெரியும், இந்த ஒன்பது நாளும் எனக்கு முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இந்த வண்டியில் பெருக்குவதற்கு இருக்கும் இடமே ஏழெட்டு அடிதான், அதை ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்குகிறேன். கரண்டிகளை இடது டிராயரிலிருந்து வலது டிராயருக்கு மாற்றினேன், மறுநாள் திரும்ப இடதுக்கு மாற்றினேன். ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டு மக்காச்சோள லாரிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்கிறேன். உன் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். காலையில் ஆர்டித்தின் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து அவரை ஊர்க் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போகிறார், அங்கே மூலை மேஜையில் அவருக்கென்று ஒரு நாற்காலி ஒன்பதே நாளில் உண்டாகிவிட்டது. விஸ்கான்சின்காரர், மாடு வளர்த்தவர் என்பதால், சோளம் போடுகிறவர்கள் எல்லாரும் அவரைக் கிண்டல் பண்ணி உயிரை எடுக்கிறார்களாம். அவர் ஒரு கிண்டலையும் விடாமல் வந்து என்னிடம் சொல்கிறார். எனக்குக் காதில் ஏறவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு இடத்தில் கால் தரிக்காது, ஆனால் நான் கட்டிக்கொண்டது ஒரு பால் பண்ணைக்காரரை. நாற்பத்தொரு வருஷம், காலை நாலரைக்கும் மாலை நாலரைக்கும் கறவை. கிறிஸ்துமஸ் உண்டா, காய்ச்சல் உண்டா, மாட்டுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். உன் கல்யாணத்துக்கு மத்தியானம் வந்து, நீ கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே காரை எடுத்துக்கொண்டு ஓடினோமே, அன்று வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. கொட்டகை வாசலில் வாளியோடு நின்று நெடுஞ்சாலையில் போகிற வீட்டு வண்டிகளைப் பார்ப்பேன், அதற்குள் யாரோ ஒருத்தி காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிறாள் என்று வயிறு எரியும். மாடு போனதும் நாமும் ஒண்ணு வாங்கிட்டுப் போயிடலாம் என்று உன் அப்பா சொல்வார், நீ பிறந்த வருஷத்திலிருந்து சொல்கிறார். போன நவம்பரில் மாடுகளை விற்றாயிற்று, ஜனவரியில் பக்கத்துப் பண்ணைக் கிளிங்க்னர் குடும்பம் நிலத்தையும் வீட்டையும் விலைக்கு வாங்கிக்கொண்டது, மார்ச்சில் இந்த வண்டி வந்தது. முதல் நாள் ஐயோவா எல்லையைத் தாண்டியபோது மாலை மணி நாலரை. உன் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன், அப்புறம் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகவே நாற்பத்தொரு வருஷமும் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு எல்லாம் சின்ன ஊர்கள்தான், உனக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தானியக் கிடங்கு, ஒரு காப்பிக் கடை, வெளியூர் வண்டி தங்கிக்கொள்ள ஒரு பூங்கா. எனக்கு ஒரு ராத்திரி போதும், இரண்டாவது காலையில் நாற்காலிகளை மடித்துவிடுவேன். உன் அப்பாவுக்குக் கடையில் அப்போதுதான் பேச்சு சூடு பிடித்திருக்கும், நான் வெளியே வண்டியில் உட்கார்ந்து ஹாரனை அழுத்துவேன். கான்சஸில் ஒரு ஊரில் அந்த ஆட்கள் "அண்ணே, உங்க வீட்டம்மா கூப்பிடுறாங்க, பால் கறக்க நேரமாயிருச்சாம்" என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார்களாம். எங்கே இவ்வளவு அவசரம் என்று அவர் கேட்பார், அடுத்த ஊருக்கு என்பேன். அடுத்த ஊரில் என்ன என்று கேட்டால் போய்ப் பார்ப்போம் என்பேன். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கேயும் நிற்காமல் ஓடியது உன் அப்பா இல்லை, நான்தான் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்து ரோட்டில் எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக இரண்டு விரலைத் தூக்குவது உன் அப்பாவுக்கு மூச்சு விடுவது மாதிரி. தெரிந்தவரா தெரியாதவரா என்பதெல்லாம் இல்லை, லாரியோ டிராக்டரோ ரோட்டோரம் நிற்கும் ஆளோ, விரல் தானாக எழும்பும். தூக்காமல் போகிறவன் பட்டணத்தான். ஏப்ரல் கடைசியில் கான்சஸில் ஒரு நேர் ரோட்டில் போகும்போது அவர் இரண்டு விரலைத் தூக்கித் தலையையும் லேசாகச் சாய்த்தார். யாருக்கு என்று பார்த்தேன். ரோட்டோரக் கம்பத்தின் மேல் ஏதோ ஒரு பண்ணை வீட்டின் தபால் பெட்டி, பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. வேடிக்கை பண்ணுகிறார் என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை, எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார். ஒரு மைல் தள்ளி அடுத்த தபால் பெட்டி, அதற்கும் அதே வணக்கம். அன்றைக்குச் சாப்பிடும்போது கவனித்தேன், சாப்பாட்டு அட்டையைக் கோழி மாதிரித் தலையைச் சாய்த்து ஓரக் கண்ணால் பார்த்துவிட்டு, நீயே எனக்கும் சொல்லிடு என்று என் பக்கம் தள்ளினார். நேரே பார்க்கிற பார்வை அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ஓரத்தில் மட்டும் தெரிகிறது என்று அன்றைக்கே புரிந்துவிட்டது சோன்யா. மருத்துவர் சொல்லி எனக்குத் தெரியவேண்டியதில்லை, நாற்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிற முகம்.

தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வண்டி நின்றுவிடும், திரும்பிப் போக வீடும் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்கு ஆசை அடங்கவில்லை. இந்த ஊர் வரைக்கும் போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று நினைப்பேன், அந்த ஊர் வந்ததும் அடுத்த ஊர் வரைக்கும் என்பேன். நானே அவருக்குக் கண்ணாகிவிட்டேன், ஆனால் அதை அவருக்குத் தெரியாமல் செய்தேன். அதோ சிவப்பா ஒரு டிராக்டர் வருது பாருங்க, எவ்வளவு அழகு என்பேன். பாலம் ரொம்பக் குறுகலா கட்டியிருக்காங்க, இதுல எப்படித்தான் வண்டி போகுதோ என்று ஊர்க்கதை மாதிரி சொல்வேன். பார்த்துட்டேன், பார்த்துட்டேன் என்பார் அவர், கால் பிரேக்குக்குப் போகும். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா நல்லா ஓட்டுறாரா என்று கேட்டாய், ராஜா மாதிரி ஓட்டுகிறார் என்று நான் சொன்னேன்.

இந்த மாதம் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணி. பாலம் வேலை நடக்கிறது என்று பெரிய ரோட்டை அடைத்துச் சரளை ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். நேர் ரோடு, எதிரே புழுதி கூட இல்லை என்பதால் நான் இரண்டு நிமிஷம் எழுந்து பின்னால் போய் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம், வலது பக்கக் கண்ணாடி பிய்ந்து தொங்கியது, வண்டி முப்பது அடி போய் நின்றது. இறங்கி ஓடினேன். தபால் பெட்டி கம்பத்தோடு முறிந்து ரோட்டில் கிடக்கிறது, கடிதங்கள் புல்லெல்லாம் பறக்கின்றன, பள்ளத்தில் இடுப்பளவு புல்லுக்குள் ஒரு கிழவி கையில் செய்தித்தாளோடு நிற்கிறாள். அவள்தான் ஆர்டித். உன் அப்பா இறங்க வந்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உங்களை நான் பார்க்கவே இல்லைம்மா என்றார். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பார்க்காததாலதான தம்பி இடிச்ச. பார்த்துட்டு இடிச்சிருந்தா நான் வேற பேச்சு பேசியிருப்பேன். பெட்டி கண்ணுல படலை, சரி. நான் என்ன அவ்வளவு இளைச்சா போயிட்டேன்?" அப்புறம்தான் சொன்னாள், பெரிய வண்டி வருகிறதே என்று இவள் வழக்கம் போலக் கையைத் தூக்கியிருக்கிறாள், எங்கள் வண்டியிலிருந்து விரல் எழும்பவில்லை. இந்தப் பக்கத்தில் அப்படி யாரும் போனதில்லையாம். என்னவோ சரியில்லை என்று ஒரு அடி பின்னால் வைத்திருக்கிறாள். அந்த ஒரு அடிதான் அவள் உயிரைக் காப்பாற்றியது. ஏப்ரலில் உன் அப்பாவுக்குப் பெட்டியாவது ஆளாகத் தெரிந்தது, செப்டம்பரில் ஆளே தெரியவில்லை.

எழுந்து உள்ளே வாங்க, அடுப்பில் சாப்பாடு இருக்கு என்று அவள் எங்களைக் கூட்டிப்போனாள். போலீசைக் கூப்பிடுவாள் என்று நான் பயந்தேன், அவள் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, அதோடு சர்க்கரைப் பாகு ஊற்றிய இலவங்கப்பட்டை ரொட்டி, இங்கே இரண்டையும் சேர்த்தே தின்கிறார்கள், உன் அப்பா கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். ஆர்டித் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "நீ என் மூஞ்சியப் பார்த்துப் பேசல தம்பி, என் காதப் பார்த்துப் பேசுற. எங்க வீட்டுக்காரரும் கடைசி மூணு வருஷம் இப்படித்தான். எப்பலேருந்து?" அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பிப்ரவரியில் டாக்டர் சொன்னார் என்றார். பிப்ரவரி. வண்டி வாங்கியது மார்ச். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் பக்கம் திரும்பி, உனக்கு எப்போ தெரியும் என்றாள். ஏப்ரல் என்றேன். உன் அப்பா பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவள் மேஜையில் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வைக்கும்போது தட்டில் இடித்தது.

மறுநாள் அவளுக்குப் புதுக் கம்பம் நட்டுக் கொடுத்தார். குழி தோண்டியது அவர், ஆணி அடித்தது நான், சுத்தியல் அவர் கையில் இருந்தவரை ஆணிக்குத் தவிர எல்லாவற்றுக்கும் அடி விழுந்தது. அப்போதுதான் கேட்டார், ஏப்ரல்லயே தெரியும்னா ஏன் என்னை நிறுத்தலை என்று. நிறுத்தினா நீங்க நின்னுருப்பீங்களே என்றேன். நின்னுருப்பேன் என்றார். அதான் நிறுத்தலை என்றேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாப்பது வருஷம் உன்னைக் கொட்டகையிலயே கட்டிப் போட்டுட்டேன், கண்ணு இருக்கிறப்பவே கொஞ்சம் ஊரைக் காட்டிடலாம்னு பார்த்தேன் லவோன் என்றார். அவர் மறைத்தது எனக்காக. நான் மறைத்ததும் எனக்காகத்தான். இதை அவரிடம் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

நீ இந்நேரம் மாதங்களை எண்ணியிருப்பாய். ஆமாம் சோன்யா, நீ குழந்தைகளை அனுப்பியது ஜூலையில். குழந்தைகளைக் கொண்டுவந்து விட்ட விமான நிலையத்தில் நீ பிரிட்டாவின் சட்டைக் காலரைச் சரி பண்ணி என் கையில் பிடித்துக் கொடுத்தாய், பத்திரம்மா என்றாய், கவலைப்படாதே என்றேன். பதினாறு நாள், நாலு மாநிலம். என் முன் இருக்கையைப் பிரிட்டாவுக்குக் கொடுத்துவிட்டு நான் அவளுக்கும் உன் அப்பாவுக்கும் நடுவே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன், கால் வீங்கியதே, நீ போனில் கேட்டதற்கு வெயில் என்றேன். மூன்றாம் நாள் பிரிட்டா சிரித்துக்கொண்டே என்னிடம் "பாட்டி, தாத்தா தபால் பெட்டிக்கெல்லாம் ஹலோ சொல்றாரு" என்றாள். எட்டு வயதுக் குழந்தைக்கே தெரிந்துவிட்டது. நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா, தாத்தா விளையாடுறார் கண்ணு, நீயும் சொல்லு என்றேன். அவளும் அன்னிக்காவும் தெற்கு டகோட்டா முழுக்கத் தபால் பெட்டிகளுக்குக் கையசைத்துக்கொண்டே வந்தார்கள், உன் அப்பாவுக்குக் குழந்தைகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஊருக்குத் திரும்பியும் சின்னவள் தபால் பெட்டிக்கெல்லாம் வணக்கம் வைக்கிறாள், என்னம்மா சொல்லிக்கொடுத்தீர்கள் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்துக்கு ஏன் பதிலே இல்லை என்று இரண்டு தடவை கேட்டாய். அதற்குப் பதில் இதுதான். அந்தப் பதினாறு நாளும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உன் பிள்ளைகளை ஏற்றினேன். ஆர்டித் புல்லுக்குள் நின்ற இடத்தில் எனக்கு இப்போது பிரிட்டாதான் நிற்கிறாள், கண்ணை மூடினாலும் திறந்தாலும் நிற்கிறாள்.

உன் அப்பாவைத் திட்டாதே. குழந்தைகள் வந்தபோது தனக்கு இவ்வளவு மோசம் என்று அவருக்கே தெரியவில்லை, நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்ததால் தனக்கு நன்றாகத் தெரிகிறது என்று அவர் நம்பிவிட்டார். அதுவும் என் வேலைதான். அக்டோபர் ஆறாம் தேதி கண் மருத்துவரிடம் பக்கத்துப் பண்ணைக்காரர் கூட்டிப்போகிறார், போனது திரும்பாது, மீதியை நிறுத்தி வைக்க ஏதாவது உண்டா என்று பார்ப்பார்கள். அவர் எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளவில்லை. நானே ஓட்டுகிறேன் என்று வெள்ளிக்கிழமை ஊர்ச் சந்தைத் திடலில் இந்த முப்பதடி வண்டியை ஓட்டிப் பார்த்தேன், இரண்டு பீப்பாயைச் சாய்த்து ஒரு வேலியையும் நெளித்தேன், ஆர்டித் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, உங்க குடும்பத்துக்கே நிக்கிற பொருளைக் கண்டா ஆகாதா என்றாள். சிரித்தோம். ஆனால் மறுநாள் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை காலை நல்ல வெயில், ரோட்டில் ஒரு வீட்டு வண்டி மேற்கே போயிற்று. நான் உள்ளே வந்து உன் அப்பாவிடம், காலையில மட்டும் மெதுவா ஓட்டுங்க, நான் பக்கத்து சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன், அடுத்த ஊர் வரைக்கும்தானே என்றேன். இவ்வளவும் நடந்த பிறகு, ஆர்டித்தின் கம்பத்தில் மண் காயும் முன்னால், என் வாயால் சொன்னேன். அவர் முடியாது என்றார். நான் படுக்கையில் போய் விழுந்து அழுதேன். அந்தக் கிழவிக்காகவோ குழந்தைகளுக்காகவோ அழவில்லை. போக முடியவில்லையே என்று அழுதேன்.

அதனால்தான் உறை கனமாக இருக்கிறது. வண்டிச் சாவி இரண்டையும் இதற்குள் வைத்திருக்கிறேன், ஒன்று அவர் மேஜையில் வைத்தது, ஒன்று என் கைப்பையில் இருந்தது, வேறு கிடையாது. வண்டிக் கதவுக்குத் தனிச் சாவி இருக்கிறது, நாங்கள் வெளியே நிற்க மாட்டோம். பனி இறங்கும்வரை இங்கேயே இருக்கலாம் என்று ஆர்டித் சொல்கிறாள், அதற்குப் பிறகு எங்கே என்பதை நீயும் ரிக்கும் யோசித்துச் சொல்லுங்கள், நான் மறு பேச்சு பேச மாட்டேன். என்மேல் கோபம் வந்தால் கோபமாகவே இரு, நான் கிழவி என்று சீக்கிரம் மன்னித்துவிடாதே. பிரிட்டாவிடம் மட்டும், பாட்டி சொன்னது பொய், நீ பார்த்ததுதான் சரி என்று சொல்லிவிடு. அதை அவள் தெரிந்துகொண்டு வளர வேண்டும்.

கடவுள் உன் வீட்டில் எல்லோரையும் கண்ணும் கருத்துமாக வைத்துக் காக்கட்டும். குழந்தைகளுக்கு எங்கள் இருவர் முத்தமும். ஒன்றை மறந்துவிடாதே. இன்னும் இரண்டு வாரத்தில், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில், நான் போன் பண்ணி ஏதாவது ஒரு காரணம் சொல்லிச் சாவியைக் கேட்பேன். அழுதுகூடக் கேட்பேன். அனுப்பாதே.

உன் அம்மா,
லவோன்